சாகரஜோதிப் பள்ளிக்கு நோக்கம் கிடைத்த கதை

தனக்கு நோக்கம் என்று எதுவும் இல்லை என்பது செல்வலட்சுமி டீச்சருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில்தான் தெரியவந்தது. அதுவரை அவள் கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள சாகரஜோதிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குக் கணக்கு நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவர் பெயர் அபிலாஷ். பள்ளிக்கூடங்களைத் திருத்துவது அவருக்குத் தொழில். இடப்பள்ளியில் ஒரு மாலின் மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். வெள்ளை ஷூ, காதோரம் ஒட்டிய மைக். விசிட்டிங் கார்டில் சீஃப் பர்ப்பஸ் ஆபீசர் என்று போட்டிருந்தது. பள்ளி நிர்வாகம் அவரை ஓராண்டுக்கு அமர்த்தியிருந்தது. மலையாளத்தையும் இங்கிலீஷையும் கலந்து, தமிழ் டீச்சர்களைக் கண்டால் அதில் கொஞ்சம் தமிழையும் தூவிப் பேசுவார்.

அன்றைய ஆசிரியர் கூட்டத்தில் அவர் கேட்டார்: "நிங்களில் யாருக்கெல்லாம் வாழ்க்கையில் நோக்கம் உண்டு? கை தூக்குங்க."

செல்வலட்சுமி மட்டும் தூக்கினாள்.

"குட். சொல்லுங்க மேடம்."

"இன்னிக்கு செவன் பி-க்கு பின்னக் கூட்டல் முடிக்கணும் சார்."

அபிலாஷ் கண்களை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். "அது சிலபஸ் ஆணு மேடம். நோக்கம் அல்ல. தனக்கு நோக்கம் இல்லை என்று இவ்வளவு தைரியமா ஒத்துக்கொண்ட மேடத்துக்கு எல்லாரும் ஒரு கைதட்டு தருவோம்."

எல்லோரும் தட்டினார்கள். தான் எதை ஒத்துக்கொண்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்று நன்றி சொன்னாள்.

புதிய திட்டத்தின் பெயர் 'மாணவரே முதலில்'. மாணவர்களின் தேவையையும் திறமையையும் முன்னால் வைத்தால் ஆசிரியர்களுக்கு நோக்கம் தானாகக் கிடைத்துவிடும் என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. செல்வலட்சுமிகூட முதல் நாள் வீட்டுக்குப் போகும்போது, இது நல்ல விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அவள் வகுப்பைக் காணவில்லை.

மாடியில் காயல் காற்று வரும் அறை அது. உள்ளே ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுகள் இருந்த இடத்தில் பெரிய பெரிய பஞ்சுமூட்டை நாற்காலிகள். வாசலில் 'மாணவரே முதலில் மையம்' என்று பலகை. செவன் பி பிள்ளைகள் கழிப்பறைப் பக்கத்து வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேராகப் பிரின்சிபல் தங்கப்பன் சாரிடம் போனாள்.

"டீச்சரே," என்றார் அவர் பொறுமையாக, மலையாளத்தில், "மாணவரை முன்னால வைக்கணும்னா அதுக்கு ஒரு எடம் வேண்டாமோ?"

"அந்த எடத்துல மாணவர்கள்தானே சார் இருந்தாங்க?"

"அதாணு பிரச்சனை. எடம் ஒழியணுமே."

தங்கப்பன் சார் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். செல்வலட்சுமியின் குடும்பம் மாதிரியே இரண்டு தலைமுறைக்கு முன்னால் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் யாராவது தமிழில் பேச்சுக் கொடுத்தால், தனக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்று கையை அசைத்துவிடுவார்.

அடுத்ததாக ஆசிரியர் கூட்டங்களுக்கு ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். அட்டையில் வெட்டிச் சாயம் பூசிய மாணவன். சிரித்த முகம், வகிடு எடுத்த தலை. தலைமை நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். பேச எழும் ஒவ்வொருவரும் முதலில் அவனைப் பார்த்து, "உன் தேவை என்ன குட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். ஒருநாள் ஹிந்தி சார் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, விக்கி என்கிற செவன் பி பையன் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக வாசலில் வந்து நின்றான்.

"மோனே, வெளியே நில்லு," என்றார் அபிலாஷ். "இவிடே மாணவர்களோட தேவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கோம்."

செல்வலட்சுமி எழுந்து ஓடிப்போய் விக்கியின் தலையைக் குனியவைத்து மூக்கைப் பிடித்தாள். திரும்பி வந்தபோது, கூட்டத்தின் நடுவே மாணவனுக்கு முதுகைக் காட்டியதற்காக அவள் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். எந்த மாணவனுக்கு என்று அவள் கேட்டாள். அட்டையைக் காட்டினார்கள்.

மையத்தின் மூலையில் ஒரு வெண்கல மணி தொங்கியது. நோக்கம் கிடைத்தவர்கள் போய் அதை அடிக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு நடக்கும் பயிற்சி வகுப்பு, எல்லோரும் மணி அடிக்கும்வரை முடியாது. அந்த வாரத்துக்குள் பள்ளியில் எல்லோருக்கும் நோக்கம் கிடைத்துவிட்டது. தேவராவுக்குப் போகும் பஸ் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் மலையாளம் டீச்சருக்கு இரண்டு நோக்கங்கள் கிடைத்தன. செல்வலட்சுமி மட்டும் அடிக்கவில்லை. கிடைக்காததைக் கிடைத்ததாக எப்படி மணி அடித்துச் சொல்வது என்று அவள் நிஜமாகவே குழம்பினாள். அதனால் அவளுக்கென்று 'நோக்கம் குறைந்தோர் பிரிவு' ஒன்று தொடங்கப்பட்டது. அதில் அவள் ஒருத்திதான். தினமும் பள்ளி விட்டதும் அபிலாஷ் பேசிய வீடியோக்களைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பாள். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்வாள்.

திறன் பரிசோதனை வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

தொடுதிரை டேப் ஒன்று. அதில் குழந்தையின் பெயர், வீட்டு முகவரி, அப்பா வேலை, அம்மா வேலை எல்லாவற்றையும் போட்டால் வரிசையாகப் படங்கள் வரும். பட்டாம்பூச்சி, சுத்தியல், வானவில், ஏணி. பிடித்த படத்தைத் தொட வேண்டும். கடைசியில் டேப் டொய்ங் என்று ஒலி எழுப்பி, குழந்தையின் பிறவித் திறமை என்னவென்று சொல்லும். தலை, அல்லது இதயம், அல்லது கரம். அதற்கேற்ப நெஞ்சில் ஒரு வில்லை குத்தப்படும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பஜார் ரோட்டு ஏலக்காய் மொத்த வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்கும் தலை வந்தது. பாங்கு, ஆபீஸ் வேலைக்காரர் பிள்ளைகளுக்கு இதயம். கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர், ஓட்டல் வேலைக்காரர் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கரம். விஞ்ஞானம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று தங்கப்பன் சார் வியந்தார்.

பொன்மணிக்கும் கரம்தான். அவள் அம்மா பேச்சி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் காய்கறி வண்டி தள்ளுபவள். அப்பாவுக்குக் கட்டட வேலை. செவன் பி-யில் செல்வலட்சுமி கரும்பலகையில் தப்புப் போட்டால் கண்டுபிடிக்கும் ஒரே ஆள் பொன்மணி. ஒரு கணக்கு வகுப்புக்கு முடிந்தாலும் அவளுக்கு முடியாது. "டீச்சர், இந்த ஒரு நம்பரை மட்டும் மாத்தினா என்னாகும்?" என்று கேட்டு, மாற்றிப் பார்த்து, தானே சிரித்துக்கொள்வாள்.

கரம் வில்லைக்காரர்களுக்குக் கணக்குப் பாட நேரத்தில் திறன் வகுப்பு. நாற்காலி தூக்குவது, சாயா ஊற்றுவது, பஞ்சுமூட்டைக்கு உறை மாற்றுவது. 'வில்லை அணிந்தவர் எவரும் திறன் வகுப்பைத் தவிர்க்கக் கூடாது. விதிவிலக்கு இல்லை' என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே அபிலாஷ் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஸ்காலர்ஷிப் பரீட்சையை ஏழாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும். தேறினால் பன்னிரண்டாவது வரைக்கும் படிப்புச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பள்ளியிலிருந்து தலை வில்லைப் பெயர்கள் மட்டும் போயிருந்தன. செல்வலட்சுமி மறுபடியும் பிரின்சிபல் அறைக்குப் போனாள்.

"சார், பொன்மணி பேரு இல்லை."

"குழந்தையோட தேவையை நாம முதல்ல பாக்கணும் டீச்சரே. பொன்மணிக்கு என்ன தேவை? தோத்துப் போகாம இருக்கணும். பரீட்சைக்கே அனுப்பலேன்னா அவ எப்படித் தோப்பா?"

"ஜெயிச்சுட்டா சார்?"

தங்கப்பன் சார் உண்மையிலேயே கவலைப்பட்டார். "ஜெயிச்சா அதைவிட மோசம். அடுத்த வருஷம் எல்லாக் கரமும் வந்து நிக்கும். யாரு நாற்காலி தூக்கும்?"

பரீட்சை ஒரு சனிக்கிழமை. அன்றைக்கே பள்ளியில், அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு 'ஒளிந்திருக்கும் திறமையைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று அபிலாஷ் ஒரு பயிற்சி நடத்தினார். கரம் பிள்ளைகளைச் சாயா கொடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். பொன்மணி தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். அபிலாஷ் அவள் தோளைத் தொட்டு நிறுத்தி எல்லோருக்கும் காட்டினார்.

"நோக்குங்க! முகத்துல எந்தொரு தெளிச்சம்! திறமையைக் கண்டுபிடிச்சா குழந்தை பூ மாதிரி விரியும்."

பூ தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

மகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள் பேச்சி. பரீட்சை எங்கே நடக்கிறது என்று வராந்தாவில் நின்ற செல்வலட்சுமியிடம் கேட்டாள். செல்வலட்சுமி சொல்ல வேண்டியதாயிற்று.

"வெயிலு மழைன்னு பாக்காம வண்டி தள்ளுதேன் டீச்சர். சாயா ஊத்தப் படிக்க வைக்கணும்னா எந்தம்பி டீக்கடையிலேயே விட்டிருப்பேனே. அங்க பீஸும் கெடையாது, வில்லையும் கெடையாது."

"நான் சொல்லிப் பார்த்தேன் அக்கா..."

"சொல்லிப் பாத்தீயளா?" பேச்சி குரலை உயர்த்தவில்லை. "நாலு பேரு சேந்து எம்புள்ள கையில தட்டைக் குடுக்கும்போது, சொல்லிப் பாத்துட்டு இங்கன நின்னுக்கிட்டு இருந்தீயளாக்கும்."

பேச்சி கழிப்பறைக் கதவைத் தட்டி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை செல்வலட்சுமி பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாளாக மண்டையைக் குழப்பிய ஒன்று சட்டென்று தெளிவாகிவிட்டது. அவள் மாடியேறி மையத்துக்குள் போய், பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் வெண்கல மணியைப் பிடித்து அடித்தாள். நாக்கு தெறித்துவிடும் போல அடித்தாள்.

அபிலாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "செல்வலட்சுமி மேடத்துக்கும் நோக்கம் கிட்டி! எந்தாணு மேடம் நோக்கம்?"

"நம்ம பிள்ளைகளோட திறமையை எல்லாரும் பார்க்கும்படி செய்யணும் சார்."

"எக்ஸலண்ட்!" என்று அவளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். நோக்கமே இல்லாத ஒருத்தியைத் திருத்திக் காட்டியதற்குச் சாட்சியாக, 'மாணவரே முதலில்' திட்டத்துக்காகப் பள்ளிக்கு விருது கொடுக்க அடுத்த மாதம் நடக்க இருந்த விழாவின் மேடைப் பொறுப்பு முழுவதையும் அவளிடமே கொடுத்தார். அவள் பணிவோடு வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் பொன்மணியை அருகில் உட்காரவைத்து, அந்த டேப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும் டீச்சர். தொடைக்கச் சொல்லிக் குடுத்தப்ப போட்டுப் பார்த்தேன். படத்தையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே தொட்டேன். அப்பா வேலையை மட்டும் மாத்தினேன்."

"மாத்தினா?"

"வில்லை மாறுது."

செல்வலட்சுமி அவளைப் பார்த்தாள். பொன்மணி அவளைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விழா நாளன்று, விருது கொடுக்கும் பள்ளிக் கூட்டமைப்பின் தேர்வுக் குழு வந்தது. தலைவர் சுனிதா மேடம், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. மேடையில் வாழை, குருத்தோலை, அட்டை மாணவன் எல்லாம் தயார். பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். தலை வில்லைப் பெற்றோர் முன்வரிசையில், கரம் வில்லைப் பெற்றோர் கடைசியில். அபிலாஷ் பேசினார்.

"எங்கள் டெஸ்ட் பொய் சொல்லாது. அதுக்கு ஜாதி இல்லை, பணம் இல்லை. குழந்தையோட ஆத்மாவை மட்டும்தான் அது பார்க்கும். யாருக்கு வேணும்னாலும் போட்டுப் பார்க்கலாம்!"

உடனே மைக்கில் செல்வலட்சுமியின் குரல் கேட்டது. "சார் சொன்னபடி, இப்போ நம்ம மாணவி பொன்மணி அந்த டெஸ்டைச் செஞ்சு காட்டுவா. சுனிதா மேடம் தயவுசெஞ்சு உட்காரணும்."

அபிலாஷ் திரும்பிப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலில் இது இல்லை. ஆனால் எல்லா போன்களும் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. சிரித்தார். சுனிதா மேடம் விளையாட்டாகத்தான் வந்து உட்கார்ந்தார். டேப்பில் தெரிவது பின்னாலிருந்த பெரிய திரையிலும் தெரிந்தது.

"மேடத்தோட அச்சனுக்கு என்ன வேலை?" என்று பொன்மணி மைக்கில் கேட்டாள்.

"மீன் விக்கிறது, மோளே. கூடையைத் தலையில வச்சு வீடு வீடா நடந்தே விப்பார்."

சுனிதா மேடம் படங்களைத் தொட்டார். டொய்ங். திரையில் 'கரம்' என்று வந்தது. கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் முன்வரிசை உட்கார்ந்திருந்தது.

"மேடம், இன்னொரு தடவை. அதே படங்களையே தொடுங்க. அப்பா வேலையை மட்டும் நான் டாக்டர்னு மாத்தறேன்."

சுனிதா மேடம் அதே படங்களைத் தொட்டார். டொய்ங். 'தலை'.

கடைசி வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து முன்னால் வந்தது. அபிலாஷ் காதோர மைக்கைக் கழற்றினார். "சின்னொரு டெக்னிக்கல் இஷ்யூ..."

"அடுத்து நம்ம பிரின்சிபல் சார்," என்றாள் செல்வலட்சுமி, இனிமையாக.

தங்கப்பன் சார் உட்காராமல் நின்றார். பொன்மணி கேட்டாள். "சாரோட அப்பாவுக்கு என்ன வேலை?"

"வியாபாரம்," என்றார் தங்கப்பன் சார்.

"எந்த வியாபாரம் சாரே?" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். விக்கியின் அப்பா ராசப்பன், கார்ப்பரேஷன் தொழிலாளி, எழுந்து நின்றிருந்தார். "உங்க அப்பனும் எங்க அப்பனும் வெலிங்டன் தீவு ஹார்பர்ல ஒரே கேங்குல மூட்டை தூக்கினவங்க. எங்க வீட்டுல ரெண்டு பேரும் சேந்து நிக்கற போட்டோ இருக்கு. அதுல என்ன கொறச்சல், சொல்ல வேண்டியதுதானே?"

பொன்மணி மூட்டைத் தொழிலாளி என்று தட்டினாள். தங்கப்பன் சார் தொட மறுத்த படங்களை அவளே கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். டொய்ங். கரம்.

தங்கப்பன் சார் மைக்கைப் பறித்தார். மூச்சு வாங்கியது. அவருக்கு வராத தமிழ் அப்போது குபுகுபுவென்று வந்தது.

"நிறுத்துடி! எனக்கு எப்படிடி கரம் வரும்? நான் எம்.எஸ்ஸி. படிச்சவன்! இந்த டெஸ்டு எனக்காகவா வாங்கினது? உங்களுக்காக வாங்கினது! நீங்க எல்லாரும் மேல வந்துட்டா கீழ யாருடா இருக்கறது?"

ஒலிபெருக்கிக்காரர் அன்றைக்கு நன்றாக வேலை செய்திருந்தார். கடைசிச் சொல் வாசல்வரை கேட்டது. சுனிதா மேடம் எழுந்து நின்றார். அபிலாஷ் ஏசியைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்மணி ஒரு கரம் வில்லையை எடுத்து, பிரின்சிபல் சாரின் சட்டைப் பையில் நேராகக் குத்தினாள். குத்திவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை விலகி நின்று பார்த்தாள்.

"திறன் வகுப்பு நேரம் ஆயிடுச்சு சார்," என்றாள் செல்வலட்சுமி. "விதிவிலக்கு இல்லைன்னு அபிலாஷ் சார் கையெழுத்துப் போட்டிருக்கார். பெற்றோர் பாதிப் பேர் நிக்கறாங்க. நாற்காலி வேணும்."

பிறகு பேச்சி நடுவில் நடந்து வந்து, முதல் வரிசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ராசப்பன். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கத்தவில்லை, யார்மேலும் கை வைக்கவில்லை, சும்மா நின்றார்கள். தங்கப்பன் சார் சுனிதா மேடத்தைப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு வேணும்," என்றார் சுனிதா மேடம். "நான் அவங்க கூட உட்காரணும்."

தங்கப்பன் சார் நாற்காலி தூக்கினார். ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததும் பேச்சி அடுத்ததைக் காட்டினாள். பின்வாசல் வழியாக நழுவப் பார்த்த அபிலாஷிடம் விக்கி சாயாத் தட்டை நீட்டினான். வெள்ளை ஷூவில் சாயா சிந்த, அவர் கடைசி வரிசைவரை கொடுத்து முடித்தார். ஒருவர் சர்க்கரை போதாது என்றார். இன்னொருவர் ஆறிப்போச்சு, மாற்றிக் கொண்டுவா என்றார். மாற்றிக் கொண்டுவந்தார். செல்வலட்சுமி மேடையோரம் நின்று ஒவ்வொரு கிளாஸையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் முயற்சி செய்யவும் இல்லை.

வீடியோ அன்று மாலைக்குள் ஊரெல்லாம் போய்விட்டது. விருது இல்லை என்று ஆயிற்று. அபிலாஷ் இப்போது வேறு ஒரு ஜில்லாவில் இருப்பதாகக் கேள்வி. அங்கே அவர் சீஃப் எம்பதி ஆபீசர். வில்லைகள் குப்பைக்குப் போயின. செவன் பி பிள்ளைகள் தங்கள் பெஞ்சுகளைத் தாங்களே மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அன்றைக்கு மட்டும் யாருக்கும் பெஞ்சு தூக்குவது கனமாகத் தெரியவில்லை. செல்வலட்சுமிக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு மெமோ வந்தது. முன் அனுமதி பெறாமல் மாணவர்களின் திறமையை வெளிப்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். இனி அனுமதி கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன் என்று பதில் எழுதிக் கொடுத்தாள்.

பரீட்சை மட்டும் திரும்பி வரவில்லை. சுனிதா மேடம் எங்கெங்கோ பேசிப் பார்த்தார். முடிந்தது முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

தங்கப்பன் சார் மேடையில் பேசியதைப் பற்றி ஒரு விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் அவர் செவன் பி வாசலில் வந்து நின்றார். பிள்ளைகளிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிக்கொண்டால் விசாரணையில் உதவும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். செல்வலட்சுமி பாடத்தை நிறுத்தி, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"பொன்மணி," என்றார் அவர். "சில தவறுகள் நடந்துபோச்சு."

பொன்மணி எழுந்து நின்றாள். "யாரு சார் செஞ்சது?"

அவர் செல்வலட்சுமியைப் பார்த்தார். செல்வலட்சுமி ஜன்னலைப் பார்த்தாள்.

"பள்ளி நிர்வாகத்தோட..."

"பரீட்சைக்கு என் பேரை அனுப்பாதது யாரு சார்?"

"நான்தான்," என்றார் தங்கப்பன் சார்.

"ஏன் சார்?"

கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தமிழில், தணிந்த குரலில் சொன்னார். "நீ ஜெயிச்சிருப்பே. அதான்."

"சரி சார்."

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு மோளே. நான் போறேன்."

பொன்மணி யோசித்தாள். கணக்குக்கு யோசிப்பதுபோலத்தான், கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"இல்லை சார்," என்றாள்.

தங்கப்பன் சார் டீச்சரைப் பார்த்தார். பெரியவரிடம் இப்படிப் பேசலாமா என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தார் போலிருக்கிறது. செல்வலட்சுமி சாக்பீஸை எடுத்துக்கொண்டு, பொன்மணியை உட்காரச் சொன்னாள். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள்.